மாட்டுச்சாளைல கெடந்த கல்லு கிரைண்டரை மறுபடி ஓட்டுனது

மொதல்லயே சொல்லிப்போடறேனுங்க, பழைய கிரைண்டர்ல மாவு சரியா ஆடலைன்னா எல்லாரும் மோட்டாரைத்தான் கொறை சொல்லுவாங்க. மோட்டார் வீக் ஆயிருச்சு, வைண்டிங் கட்டோணும், பேசாம காயலாங்கடைக்குப் போட்டுட்டு டேபிள் டாப் ஒன்னு வாங்கிக்கலாம்னு. கல்லைத் தடவிப் பாக்கறவங்க யாருமில்ல. எங்கூட்டு கிரைண்டரும் அப்படித்தான் பத்து வருசத்துக்கு மேல மாட்டுச்சாளைல சாக்கு மூடிக் கெடந்துச்சு, மேல தவிட்டு மூட்டை, மூட்டைக்கு மேல கோழி. 2020 லாக்டவுன்ல அதைப் பிரிச்சு ஓட வெச்சேன். வெவரமா எழுதறதுக்குக் காரணம், அப்ப போன்ல எவ்வளவு தேடியும் இந்த மாடலுக்கு உருப்படியா ஒன்னும் சிக்கல, எல்லாம் டேபிள் டாப்புக்குத்தான் இருந்துச்சு.

நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில லைன் சூப்பர்வைசருங்க. மெக்கானிக் வேலை தெரியாது, ஆனா ஓவர்லாக், ப்ளாட்லாக் மெசினுங்களுக்கு நடுவுலயே நிக்கற பொழப்பு, மெசின் நின்னு மெக்கானிக் வர்றதுக்குள்ள பெல்ட்டா ஊசியா ஆயிலான்னு நாமளே பாத்துக்கற பழக்கம் இருக்கு, அவ்வளவுதான். மார்ச் 22 ஞாயித்துக்கெழம மக்கள் ஊரடங்கு முடிஞ்சுது, 24ந் தேதி பொழுதோட 6 மணில இருந்து 144ன்னு சொன்னதும் கம்பெனில லைனை நிறுத்திட்டாங்க. ஹாஸ்டல்ல இருந்து துணிமணியை அள்ளிப் போட்டுட்டு ஸ்கூட்டில ஊருக்கு வந்துட்டேன். எங்கூரு ஊத்துக்குளிக்கும் சென்னிமலைக்கும் நடுவுல. அன்னைக்கு ராத்திரியே நாடு முச்சூடும் 21 நாளு அடைப்புன்னு டிவில சொல்லிட்டாங்க.

கொஞ்ச நாளு நல்லாத்தான் போச்சு. தூங்கறது, திங்கறது, தம்பியோட சண்டை போடறது. ஏப்ரல் மொத வாரத்துல டேபிள் டாப் கிரைண்டர் உசுரை உட்டுச்சு. மோட்டார் ஓடுது, டிரம் சுத்தல, உள்ள இருக்கற பெல்ட்டு பல்லு முச்சூடும் தேஞ்சு போச்சு. சாதாரண நாளா இருந்தா ஈரோட்டுக்கோ திருப்பூருக்கோ போயி ஒரு மத்தியானத்துல மாத்திட்டு வந்தரலாம். அப்ப கடையெல்லாம் காலைல 6 மணில இருந்து மத்தியானம் 1 மணி வரைக்கும்தான், அதுவும் மளிகை, காய்கறி, மருந்து. ஸ்பேர்பார்ட்ஸ் கடை எங்க தொறந்துருக்கும். பாக்கெட் மாவு வாங்கலாம்னா யாரு தொட்ட மாவோன்னு அம்மாவுக்கு பயம். ஆத்தா பேசாம பொடக்காலிப் பக்கம் கெடந்த ஆட்டாங்கல்லைக் கழுவி உக்காந்துட்டாங்க, அவங்களை எந்திரிக்க வெச்சுட்டு அம்மா ஆட்டுனாங்க, அம்மாவுக்கு ஏற்கனவே தோள்பட்டை வலி, மறுநாளு கையைத் தூக்க முடியல. அப்பதான் அப்பா சொன்னாரு, "அந்தப் பழசை எடுத்துப் பாருங்களேன், அம்மிணி."

அந்தப் பழசு அம்மா கண்ணாலத்துக்கு அப்புச்சி ஊட்டுல இருந்து சீர்ல வந்தது, 1990ல. கோயமுத்தூர்ல செஞ்சது. 1955ல சபாபதிங்கறவரு கோயமுத்தூர்ல மொதல் கிரைண்டரைக் கொண்டாந்ததுல ஆரமிச்சு இன்னைக்கு கோயமுத்தூர் வெட் கிரைண்டருன்னு புவிசார் குறியீடு வரைக்கும் வாங்கியாச்சு, ஆனா அதுல இருக்கற கல்லு பெரும்பாலும் எங்க ஊத்துக்குளிப் பக்கம் வெட்டுனது. எங்க பக்கத்துக் கல்லு கோயமுத்தூருக்குப் போயி கிரைண்டரா மாறி சீரோட திரும்ப எங்கூருக்கே வந்து மாட்டுச்சாளைல படுத்துருக்குன்னா பாத்துக்கங்க.

இந்த மாடல் தெரியாதவங்களுக்கு: இடுப்பு ஒசரத்துக்கு ஒரு பெட்டி, இரும்பு ஆங்கிள்ல பிரேமு, சுத்தியும் தகடு. மேல கருங்கல்லு உரல், அதுக்குள்ள ஒத்தைக் குழவி. குழவியை ஒரு இரும்புக் கை புடிச்சுக்கும், உரல் சுத்தும்போது குழவி அந்த எடத்துலயே நின்னு தானா உருளும். கீழ அரை எச்பி சிங்கிள் பேஸ் மோட்டார், அதுல சின்ன புல்லி, உரலுக்கு அடில பெரிய புல்லி, ரெண்டையும் சேத்து ஒரு வி பெல்ட். அம்புட்டுத்தான் மெசினு. கேர் இல்ல, சர்க்யூட் இல்ல. மோட்டார் நிமிசத்துக்கு 1440 சுத்து, எங்குளுதுல சின்ன புல்லி 2 இஞ்ச், பெருசு 16 இஞ்ச், எட்டுல ஒரு பங்கு, அப்ப உரல் 180 சுத்துக்குப் பக்கமா வருது. இதைக் கணக்குப் போட்டதும் எனக்கு ஒரு தைரியம் வந்துச்சு, நாம தெனமும் பாக்கற தையல் மெசினை விட இது சுலபம்.

பிரிக்கறதுல கஷ்டமே கனம்தான். குழவிக் கையைக் கழட்டி, குழவியை எடுத்து, பொறவு உரலு. நானும் தம்பியும் அப்பாவும் சேந்து தூக்குனோம், கீழ டிராக்டர் டயரு ஒன்னைப் படுக்கப் போட்டு அதுமேல எறக்குனோம். வெறுந்தரைல வெச்சா ஓரம் சில்லு எகிறிரும், விரலு மாட்டுனா அதுக்கும் மேல, அந்த நேரத்துல எந்த ஆஸ்பத்திரிக்குப் போறது. உள்ள பாத்தா எலிக்கூடு. பனியன் துணித்துண்டு, தேங்கா நாரு, எங்க ஆத்தா தேடிட்டு இருந்த சுருக்குப்பைக் கயிறு, எல்லாம் அதுல இருந்துச்சு. ஒயரை மூனு எடத்துல கடிச்சு வெச்சுருந்துச்சு.

எலி கடிச்ச மெசினுல நேரா பிளக்கைச் சொருகிப் பாக்கற வேலையே வேண்டாமுங்க. தம்பி ஐடிஐல எலக்ட்ரீசியன் முடிச்சவன், கரண்டு சமாச்சாரம் அவன் கைல உட்டுட்டேன். மோட்டாரைத் தனியா எடுத்து, தூசியை பிரஷ்ல தட்டி, நாலஞ்சு நாளு நல்ல வெயில்ல காய வெச்சோம், சித்திரை வெயிலுக்கு முன்னாடியே அந்த வருசம் கொளுத்துச்சு. பொறவு சீரீஸ் பல்பு போட்டு, அதாவது கரண்டு வர்ற வழில ஒரு பல்பைக் கோத்து, வைண்டிங்ல இருந்து பாடிக்கு கரண்டு வருதான்னு பாத்தான். பல்பு எரியல, அப்ப ஷார்ட் இல்ல. பழைய ஒயரு பூராத்தையும் தூக்கிப் போட்டுட்டு புதுசு இழுத்தான். முன்னாடி ரெண்டு பின் பிளக்குதான் இருந்துச்சு, எர்த்தே கெடையாது, தண்ணியும் கரண்டும் ஒட்டுக்கா இருக்கற மெசினுல இவ்வளவு வருசம் எப்படித்தான் ஆட்டுனாங்களோ. மூனு பின் போட்டு பச்சை ஒயரை பிரேமுல போல்ட் வெச்சு முடுக்கினான், பெயிண்ட்டைச் சொரண்டிட்டுத்தான் முடுக்கோணும், பெயிண்ட் மேல முடுக்குனா எர்த் போட்டும் பிரயோஜனமில்ல.

சுச்சு போட்டா "ம்ம்ம்"னு ஒரு சத்தம், சுத்தல. பெல்ட்டைக் கழட்டி உட்டுட்டு, ஒரு கட்டைல புல்லியை லேசா தள்ளி உட்டுப் பாருங்க, தள்ளுன பக்கமா அது ஓட ஆரமிச்சா, இந்தப் பக்கம் தள்ளுனா இந்தப் பக்கம், அந்தப் பக்கம் தள்ளுனா அந்தப் பக்கம், அப்ப மெயின் வைண்டிங் நல்லாருக்கு, பெரும்பாலும் கப்பாசிட்டர்தான் போச்சுன்னு அர்த்தம். நெறையப் பேரு இந்த எடத்துலதான் மோட்டாரே செத்துப்போச்சுன்னு காயலாங்கடைக்குத் தாட்டியுடறாங்க. எங்குளுது கப்பாசிட்டர்ல 10 எம்எப்டி (அதோட அளவு), 440 ஓல்ட்னு போட்டுருந்துச்சு. பேனு கப்பாசிட்டர் ஊட்டுல கெடந்துச்சு, அது 2.5தான், ஆகாது. அப்பதான் தம்பிக்கு ரோசனை வந்துச்சு, சித்தி ஊட்டுல ஓடாத செமி ஆட்டோமேட்டிக் வாஷிங்மெசின் ஒன்னு கெடக்குதே, அதுல தொவைக்கற மோட்டாருக்கு பெரும்பாலும் 10 எம்எப்டிதான வரும்னு. போயிக் கழட்டிப் பாத்தா அதே 10, அதே 440. கப்பாசிட்டரைத் தொடறதுக்கு முன்னாடி அதோட ரெண்டு காலையும் ஒரு பல்போட ஒயர்ல தொட்டு சார்ஜ் எறக்கிறோணும், ஓடாத மெசினுதானன்னு கைய வெச்சா வாங்கிக் கட்டிக்குவீங்க. இன்னொன்னு, பழசைக் கழட்டும்போது எந்த ஒயரு எந்தக் கால்ல இருந்துச்சுன்னு நூலு கட்டி அடையாளம் வெச்சுக்கங்க, வைண்டிங் ஒயரு எடம் மாறிப்போனா மோட்டார் தலைகீழா சுத்தலாம், அப்ப மாவு தள்ளற பலகை மாவை வழிக்காம மேல ஏத்தும்.

பேரிங் சத்தம் இருந்துச்சு, நெம்ப இல்ல. ஸ்குரு டிரைவர் நுனியை பேரிங் மூடில வெச்சு கைப்புடியைக் காதுல ஒட்டிக் கேட்டா கரகரன்னு வருதா உய்னு வருதான்னு தெரியும், எங்க லைன்ல மெக்கானிக் அண்ணன் பண்றதைப் பாத்துத்தான் கத்துக்கிட்டேன். புதுசு கெடைக்காத நேரம், அதனால கழட்டி டீசல்ல ஊற வெச்சோம். முப்பது வருசத்து கிரீஸு, காஞ்ச வெல்லப்பாகாட்ட இறுகிக் கெடந்துச்சு, பிரஷ்ல தேச்சு தேச்சுத்தான் எடுக்க வேண்டியதாப் போச்சு. குண்டுல குழி ஒன்னும் விழுகல. டிராக்டருக்கு வெக்கற கிரீஸையே வெச்சு மூடியாச்சு. உரலுக்கு அடில இருக்கற பேரிங்குக்கும் அதே வைத்தியம், அதுல எப்பவோ மாவுத்தண்ணி எறங்கி துரு புடிச்சுருந்துச்சு, அதுக்கு மேல இருக்கற ரப்பர் வாசரு நஞ்சு போயிருந்துச்சு, பழைய சைக்கிள் டியூப்ல வெட்டி ரெண்டு அடுக்காப் போட்டேன்.

பெல்ட்டுதான் பெரிய வெசனமா இருந்துச்சு. பழசு வெடிச்சு உள்நூலு தெரியுது. எண்ணும் அழிஞ்சு போச்சு, கயிறு போட்டு அளந்தா 56 இஞ்ச் பக்கமா வந்துச்சு. வி பெல்ட்ல ஏ 56ன்னா ஏ ங்கறது அகலம், 56ங்கறது உள்சுத்தளவு இஞ்ச்ல, இது தெரிஞ்சா போதும், கடைக்காரரு கிட்ட கிரைண்டர் கம்பெனி பேரெல்லாம் சொல்ல வேண்டியதில்ல. கடைதான் இல்லையே. பக்கத்துத் தோட்டத்து மாமா தறிக்குடோன் வெச்சுருக்காரு, பாவு நூலு வராம தறியெல்லாம் நின்னு கெடந்துச்சு, வெடியால எந்திரிச்சா அந்தச் சத்தம் இல்லாம ஊரே வேற ஊராட்டத் தெரிஞ்ச நாளுங்க அது. அவருகிட்ட கேட்டேன். "தறியே நிக்குது மாப்ளை, பெல்ட்டை வெச்சுட்டு நான் என்ன பண்றேன், பாத்து எடுத்துக்க." பொம்பளப்புள்ளைங்களையும் மாப்ளைன்னுதான் கூப்புடுவாரு. ஆணில தொங்கிட்டு இருந்த ஸ்பேர் பெல்ட்டுல ஏ 57 ஒன்னு இருந்துச்சு. மோட்டார் ஒக்கார்ற எடத்துல போல்ட் ஓட்டை நீளமா இருக்கும், அதுல மோட்டாரைப் பின்னாடி தள்ளிக்கலாம், ஒரு இஞ்ச் வித்தியாசம் அதுல அடங்கிருச்சு. நடுவுல கட்டை விரல்ல அழுத்துனா அரை இஞ்ச் எறங்கோணும், அதுக்கு மேல தொளதொளன்னும் இருக்கக்கூடாது, விறைப்பாவும் இருக்கக்கூடாது, விறைச்சா பேரிங் போயிரும்.

மாட்டி சுச்சு போட்டா பொட்டாட்ட ஓடுச்சுங்க. ஆத்தா கைதட்டுனாங்க. ஏப்ரல் 5 ராத்திரி 9 மணிக்கு லைட்டை அணைச்சு வெளக்கு ஏத்தச் சொன்னாங்கல்ல, அதுக்கு ஏத்துன அகலு இன்னும் ஆசாரத்துத் திண்ணைல இருந்துச்சு, அதை எடுத்து கிரைண்டருக்கு ஒன்னு வெச்சாங்க.

அடுத்த நாளு அம்மா அரிசி போட்டாங்க. இங்கதான் சங்கதியே. ஒரு மணி நேரம் ஆச்சு, மாவு ரவையாவே நிக்குது. இன்னும் அரை மணி நேரம். மாவு சுடுது, கைய வெச்சா வெதுவெதுன்னு இருக்கு, ஆனா நைஸ் ஆகல. மோட்டார் தெம்பா ஓடுது, பெல்ட் வழுக்கல, குழவி உருளுது. அம்மா சொன்னாங்க, "இப்படித்தாங் கண்ணு அப்பவும் இருந்துச்சு, மோட்டார் போயிருச்சுன்னுதான ஓரங்கட்டுனோம்." நான் கிரைண்டரை நிறுத்திட்டு மாவை வழிச்சு, கல்லைக் கழுவி, உள்ளங்கைய வெச்சுத் தடவுனேன். மொசைக் தரையைத் தொட்டாப்புல வழுக்குது. கல்லு மேல உளியால போட்டுருக்கற சின்னச் சின்னக் குழிதான் கொத்து, இருபது வருசம் ஆட்டி ஆட்டி அது அத்தனையும் தேஞ்சு போயிருக்கு. கொத்து இல்லாத கல்லு அரிசியைக் கடிக்காது, தேய்க்க மட்டும்தான் செய்யும், தேச்சா சூடுதான் வரும். உளுந்து மாவு சூடானா பொங்காது, இட்லி கல்லா வரும். இத்தனை வருசம் குத்தவாளி மோட்டார் இல்ல, கல்லு.

சாதாரணமா அம்மி கொத்தலையோ ஆட்டாங்கல்லு கொத்தலையோன்னு கூவிட்டு ஆளுங்க வருவாங்க. லாக்டவுன்ல யாரு வருவா. எங்க வளவுல ஒரு பெரியப்பா இருக்காரு, சின்ன வயசுல ஊத்துக்குளிப் பக்கம் கல்லுப்பட்டறைல கிரைண்டர் கல்லு அடிச்சவரு. கண்ணுல புரை, ஆபரேசனுக்கு நாள் குறிச்சு வெச்சுருந்தாங்க, அவசரமில்லாத ஆபரேசனெல்லாம் தள்ளி வெச்சதுல அவருதும் தள்ளிப்போச்சு. "என்னால பாக்க முடியாது சாமி, ஆனா கேப்பேன், நீ அடி"ன்னாரு. வேப்ப மரத்தடில கட்டலப் போட்டு, வாயில துண்டைக் கட்டிட்டு, ஆறடி தள்ளி உக்காந்துக்கிட்டாரு.

ஒடனே கிரைண்டர் கல்லுல கை வெக்க உடல. மொதல்ல ஓரமாக் கெடந்த அம்மிய எடுத்துட்டு வரச் சொன்னாரு. உளி ரெண்டு அப்பாகிட்ட இருந்துச்சு, நுனி மழுங்கிக் கெடந்துச்சு, உள்ளூரு ஆசாரி ஊட்டுலயே உலைய மூட்டி தீட்டிக் குடுத்தாரு. செவக்கக் காச்சி, அடிச்சு கூராக்கி, நுனிய மட்டும் தண்ணில காட்டி எடுத்து உத்துப் பாக்கறாரு, பின்னாடி இருக்கற சூடு நுனிக்கு மஞ்சளும் பழுப்புமா நெறம் ஓடி வருது, அந்த நேரம் பாத்து மறுபடி தண்ணில முக்கிடறாரு. ரொம்ப விட்டா நுனி மெத்துன்னு போயிரும், முந்துனா உளி கல்லுல பட்டதும் ஒடிஞ்சிரும். எனக்கு அதைப் பாத்துட்டே நின்னுக்கலாம் போல இருந்துச்சு.

கொத்தற மொறை இதுதானுங்க. உளியை கல்லுக்கு நெட்டுக்குத்தலாப் புடிக்கோணும், சாய்ச்சா சில்லு பேரும். இறுக்கிப் புடிக்கக்கூடாது, ரெண்டு விரலும் கட்டை விரலும் தொட்டுட்டு இருந்தாப் போதும், சுத்தி அதோட கனத்துல விழுகோணும், தோள்ல இருந்து அடிக்கக்கூடாது, மணிக்கட்டுல இருந்து. ஒரு அடிக்கு ஒரு புள்ளி. சரியா விழுந்தா கருங்கல்லு மேல கடுகு தண்டிக்கு ஒரு வெள்ளைப் புள்ளி, நடுவுல விரல் நகத்துக்குத் தட்டுப்படற குழி. அதுக்கு மேல ஆழம் வேண்டாம், ஆழமாக் குத்துனா மாவு அதுக்குள்ள போயி ஒளிஞ்சுக்கும், புளிச்சு நாறும். புள்ளிக்குப் புள்ளி ஒரு நெல்லு அகலம். அடி மத்தில ஆரமிச்சு சுத்திச் சுத்தி மேல ஏறி வரோணும், குழவி எந்த ஒசரம் வரைக்கும் ஒரசுதோ அந்த ஒசரத்துக்குத்தான், அதுக்கு மேல கொத்துனா வீண் வேலை, கழுவறதுக்குத்தான் கஷ்டம். எதுவரைக்கும் ஒரசுதுன்னு தெரியாட்டி அடுப்புக் கரியைக் கல்லுல பூசிட்டு குழவியைப் போட்டு கையால ஒரு சுத்து சுத்துங்க, எங்க கரி அழியுதோ அதுதான் எடம். பெரியப்பா சொன்ன ரோசனை, அவரு சொல்லலைன்னா வாய் வரைக்கும் கொத்திருப்பேன்.

அம்மில கை பழகுனப்பறம் உரலுக்கு வந்தேன். அவரு கண்ண மூடிட்டு உக்காந்துருப்பாரு, நடுவுல "சத்தம் மொட்டையா வருது, உளியை மாத்து"ம்பாரு. எடுத்துப் பாத்தா நுனி மழுங்கிருக்கும். நல்ல உளில "ணங்"னு சத்தம் மேல போகும், மழுங்குனதுல "டக்"னு அங்கயே நின்னுரும். கொஞ்சநேரத்துல எனக்கே கேக்க ஆரமிச்சுருச்சு. ஒரு எடத்துல "அங்க கல்லு வேற நெறம் ஓடுதா பாரு"ன்னாரு, பாத்தா வெள்ளையா ஒரு கோடு கல்லுக்குள்ள ஓடுது, அந்தக் கோட்டு மேல அடிச்சா பொளந்துக்குமாம், ரெண்டு பக்கமும் உட்டுட்டு அடிக்கச் சொன்னாரு. கண்ணு தெரியாம எப்படிக் கேட்டீங்கன்னா, அந்தப் பக்கம் அடிக்கறப்ப சத்தம் மாறுச்சுன்னாரு.

தூசி விசயத்துல மட்டும் அவரு கண்டிப்பு. கருங்கல்லு தூசில சிலிக்கா இருக்கு, நொரையீரல்ல போயி உக்காந்தா வெளிய வராது, பட்டறைல கூட வேலை செஞ்சவங்க இருமி இருமியே போனாங்கன்னு சொன்னாரு. அதனால கல்லை ஈரமாவே வெச்சு கொத்தோணும், துண்டுல தண்ணி தொட்டு அப்பப்ப தடவிக்கங்க, காத்து வர்ற பக்கமா முதுகைக் காட்டிட்டு உக்காருங்க, கண்ணாடி இல்லாம உக்காரவே உக்காராதீங்க. முகக்கவசம் அப்பதான் எல்லாரு ஊட்டுலயும் இருந்துச்சே, பனியன் துணில நானே தெச்சது, அதுக்கடில இன்னொரு அடுக்கு ஈரத்துணி. துணி மாஸ்க் கல்லுத்தூசியை முழுசா நிறுத்தாது, கடையில நல்ல மாஸ்க் கெடைச்சா அதையே போட்டுக்கங்க.

உரலு முடிக்க நாளாச்சு, வெயிலுக்கு முன்னாடி கொஞ்சம், பொழுது சாஞ்சப்பறம் கொஞ்சம். குழவி இன்னும் மெதுவா, உருண்டையா இருக்கறதால உளி வழுக்கும், சாக்குல மணலை ரொப்பி அதுமேல குழவியைப் பதிச்சு வெச்சுட்டு அடிச்சேன். வலது கை கட்டை விரலுக்குக் கீழ கொப்புளம் வந்து ஒடைஞ்சு மறுபடி வந்துச்சு. கம்பெனில டார்கெட் போடறப்ப ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பீஸுன்னு கத்திட்டு நிக்கற ஆளு நான், இங்க ஒரு மணி நேரத்துக்கு ஒரு சாணு அகலம் நகந்தாப் பெருசு.

கொத்துனதும் நேரா மாவு ஆட்டிறாதீங்க. பிரஷ்ல தேச்சு நாலஞ்சு தடவை கழுவுங்க. பொறவு வெறும் தண்ணி ஊத்தி ஓட்டுங்க, சாம்பல் நெறத்துல தண்ணி வரும், கொட்டுங்க. பொறவு குருணை அரிசியும் கல்லுப்பும் போட்டு ஆட்டிக் கொட்டோணும், கொஞ்சம் தவிடும் சேத்தா ஓரத்துல இருக்கறதை வாரிட்டு வரும். அந்த மாவை மாட்டுக்கு வெக்கக்கூடாது, தென்னை மரத்தடில ஊத்திருங்க. எப்ப நிறுத்தறதுன்னா, கடைசியா ஆட்டுன மாவுல ஒரு கரண்டி எடுத்து கண்ணாடி டம்ளர்ல தண்ணியோட கலக்கி கொஞ்சநேரம் வெச்சு மேலாப்புல மெதுவா வடிச்சுக் கொட்டுங்க, அடில கருப்பா பொடி நின்னா இன்னொருக்கா ஆட்டோணும். அடி வெள்ளையா இருந்து, மாவைப் பல்லுல வெச்சுக் கடிச்சா நறநறங்காம இருந்தா ஆச்சு. பெரியப்பா பல்லுல கடிச்சுப் பாத்துத்தான் சரின்னாரு.

மொதல்ல உளுந்து. அம்மா பக்கத்துலயே நின்னு கொஞ்சங்கொஞ்சமா தண்ணி தெளிச்சு உட்டாங்க, அரை மணி நேரத்துல உரலு ரொம்ப பொங்கிட்டு வந்துச்சு, ஒரு சொட்டு எடுத்து தண்ணில போட்டா மெதக்குது. தொட்டுப் பாத்தா மாவு குளுகுளுன்னு இருக்கு. அரிசி அதுக்கப்பறம், முன்னாடி ஒன்றரை மணி நேரம் ஆட்டியும் ஆகாதது இப்ப முக்கால் மணி நேரத்துக்குள்ள ஆயிருச்சு. நாலுக்கு ஒன்னு கணக்குதான், கொஞ்சம் வெந்தயம். கரைச்சு வெச்ச போசி ராத்திரிலயே பொங்கி வழிஞ்சிருச்சு, அந்த வெக்கைல அஞ்சாறு மணி நேரமே போதும் போல. இட்லி எப்படி இருந்துச்சுன்னு நான் சொல்றதை விட, அப்பா எப்பவும் நாலு திங்கறவரு, எண்ணாம தின்னுட்டு எந்திரிச்சு போயிட்டாரு.

ஆனா அம்மாவுக்கு இட்லி கணக்கில்ல, சந்தகைதான் கணக்கு, இடியாப்பமாட்ட இழை இழையா இருக்குமே அது. புழுங்கலரிசியை ஊற வெச்சு, தண்ணி கம்மியா, கெட்டியா, வெண்ணெயாட்டம் நைஸா ஆட்டோணும், துளி ரவை இருந்தாலும் சந்தகை அச்சுல இழை அந்து அந்து விழும். டேபிள் டாப்புல கெட்டி மாவு ஆட்டுனா தெணறும், அதனால எங்கூட்டுல சந்தகையே பல வருசமா மறந்து போச்சு. இதுல ஆட்டுனோம். இட்லியாட்ட அவிச்சு, சூடு ஆறறதுக்குள்ள அச்சுல போட்டு தம்பி திருவுனான், இழை முழ நீளத்துக்கு அந்தறாம எறங்குச்சு. தேங்காப்பாலும் நாட்டுச்சக்கரையும் ஊத்தி மொத வட்டல் பெரியப்பா ஊட்டுக்குப் போச்சு. ரெண்டாவது வட்டல் தறிக்குடோன் மாமாவுக்கு, பெல்ட்டுக்கு வாடகை.

ஏப்ரல் கடைசில திருப்பூர் மாநகராட்சி முச்சூடும் மூனு நாளு கடை கூட இல்லாம அடைச்சாங்க, மே மாசம் பாதி ஆளை வெச்சு கம்பெனி தொறந்தப்பறம் நானும் கெளம்பிட்டேன். அதுக்கப்பறம் கடை தொறந்ததும் ரெண்டு பேரிங்கும் புதுசு போட்டாச்சு, மாமாவுக்குப் புது பெல்ட்டு வாங்கிக் குடுத்தாச்சு, கப்பாசிட்டர் மட்டும் வாஷிங்மெசினுதேதான் இன்னும் ஓடுது. புல்லிக்குக் குறுக்கால கம்பி வலை ஒன்னு அடிச்சோம், சேலை முந்தானை உள்ள போயிறக்கூடாதுன்னு, பழசுல அது இல்லாம இருந்துச்சு. பெரியப்பாவுக்கு ஒரு கண்ணு ஆபரேசன் அப்பறம் ஆச்சு, ஆனதும் நேரா எங்கூட்டுக்கு வந்து உரலைத் தண்ணி ஊத்திக் கழுவிக் குனிஞ்சு பாத்தாரு. "வடக்குப் பக்கம் புள்ளி நெருக்கமா இருக்கு, அன்னைக்கு அவசரப்பட்டயா"ன்னாரு. வெயில் ஏறிருச்சு பெரியப்பான்னேன்.

செலவுன்னு பாத்தா ஒயரு, பிளக்கு, பின்னாடி வாங்குன பேரிங், பெல்ட்டு எல்லாஞ் சேத்தும் புது டேபிள் டாப் வெலைல கால்வாசி கூட வரல. கரண்டு இது அதிகம் இழுக்கும், எடமும் அடைக்கும், கழுவறது பெரிய வேலைதான், அதையெல்லாம் இல்லைன்னு சொல்ல மாட்டேன். ரெண்டு பேரு இருக்கற ஊட்டுக்கு இது வேண்டாத வேலை. பத்து பேரு திங்கற ஊடு, நோம்பிக்கு ஒறம்பரை வர்ற ஊடுன்னா மாட்டுச்சாளையப் போயி ஒருக்கா பாருங்க.

2021 மே மாசம் மறுபடி அடைச்சாங்கல்ல, அப்ப ஊருக்கு வந்தப்ப கல்லைத் தடவிப் பாத்தேன், கொத்து நல்லாவே இருந்துச்சு, மத்தில மட்டும் லேசா எழுப்பி உட்டேன். அதைப் பாத்துட்டு வளவுல ஒவ்வொருத்தரா அவங்கவங்க அம்மியத் தூக்கிட்டு வந்துட்டாங்க, மாஸ்க்கைப் போட்டுட்டு வேப்ப மரத்தடில வரிசையா எறக்கி வெச்சுட்டுப் போயிட்டாங்க. காசு வாங்கல. தேங்காயும் எள்ளும் ஒரு ஊட்டுல இருந்து வெண்ணெயும் வந்துச்சு. ஒரு அம்மிக்கு ரெண்டு தடவையாச்சும் உளி தீட்டோணும், அதனால வந்த தேங்காயில பாதி ஆசாரி ஊட்டுக்குத்தான் போச்சு.